மக்கள்தொகை பெருகுவதால் வறுமை வருகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏழை நாடுகள் ஏழையாக இருப்பதற்கு மக்கள்தொகைப் பெருக்கம்தான் காரணமா?

முதற்காரணம் அது இல்லை. சம்பந்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மக்கள்தொகை ஆண்டுக்கு 2.5 சதவீதத்துக்கு மேல் பெருகும் நாட்டில், இருப்பதை இருந்தபடி காப்பாற்றவே பெரும்பணம் கரைந்துபோகிறது. முன்னேற்றத்துக்கு மிஞ்சுவது சொற்பம். அதனால் வறுமையிலிருந்து வெளிவரத் தாமதமாகிறது. அந்த வறுமையை உண்டாக்கியவை பெரும்பாலும் வேறு: போர், கொள்ளையடிக்கும் ஆட்சி, நிலம் சிலர் கையில் குவிந்து கிடப்பது, ஒரே ஒரு விளைபொருளையோ கனிமத்தையோ நம்பிய ஏற்றுமதி, தீராத தொற்றுநோய்கள்.

இன்னொன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். குழந்தைகள் அதிகமாக இருப்பதால் வறுமை வருவது போலவே, வறுமையால் குழந்தைகள் அதிகமாகப் பிறப்பதும் உண்டு. ஒரு நாட்டில் இரண்டையும் ஒன்றாகக் கண்டவுடன் முதலாவதை மட்டும் காரணமாக்குவதுதான் பொதுவிவாதங்களில் அடிக்கடி நடக்கும் பிழை.

உலகில் மக்கள்தொகை கூடியபோது வறுமையும் கூடியதா?

உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் குறைந்தது. 1990இல் உலக மக்கள்தொகை சுமார் 530 கோடி. 2019இல் 770 கோடிக்கு மேல். உலக வங்கி 2022 முதல் 2025 ஜூன் வரை வைத்திருந்த வறுமைக்கோடு நாளொன்றுக்கு 2.15 டாலர் (2017ஆம் ஆண்டு விலையில், அந்தந்த நாட்டின் வாங்கும் திறனுக்கு ஏற்பச் சரிசெய்தது). அதற்குக் கீழே 1990இல் ஏறத்தாழ 200 கோடிப் பேர் இருந்தார்கள். 2019இல் 70 கோடி அளவில் இருந்தார்கள். 2025 ஜூனில் இந்தக் கோட்டை 3 டாலராக உயர்த்திவிட்டார்கள். புதிய கோட்டின்படி எண்ணிக்கைகள் மாறும், போக்கு மாறாது.

ஆனால் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவைத் தனியாக எடுத்துப் பாருங்கள். பழைய 2.15 டாலர் கோட்டின்படி அங்கே 1990இல் நூற்றுக்கு 54 பேர் அளவில் ஏழைகள். 2019இல் அது 35, 36 அளவுக்கு இறங்கியது. நல்ல இறக்கம்தான். அதே காலத்தில் அந்தப் பகுதியின் மக்கள்தொகை சுமார் 51 கோடியிலிருந்து 110 கோடிக்குப் போனது. 51 கோடியில் 54 சதவீதம் சுமார் 27.5 கோடி. 110 கோடியில் 35.5 சதவீதம் சுமார் 39 கோடி. விகிதம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தும், ஏழைகளின் தலைக்கணக்கு 11 கோடிக்கு மேல் கூடிவிட்டது. மக்கள்தொகைப் பெருக்கம் எங்கே கடிக்கிறது என்பதை இந்த ஒரு கணக்கு நேராகக் காட்டுகிறது. வறுமையைப் பற்றிப் பேசுகிறவர் சதவீதத்தைச் சொல்கிறாரா, தலைக்கணக்கைச் சொல்கிறாரா என்று முதலில் கேளுங்கள். வாதங்களில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

மக்கள் நெருக்கமாக வாழும் நாடுகள்தானே ஏழையாக இருக்கின்றன?

இல்லை. நெதர்லாந்திலும் தென்கொரியாவிலும் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 500 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். இரண்டும் பணக்கார நாடுகள். காங்கோ ஜனநாயகக் குடியரசில் சுமார் 50 பேர்தான்; உலகின் மிக ஏழை நாடுகளில் அதுவும் ஒன்று.

மொத்த எண்ணிக்கை, நெருக்கம், வளர்ச்சி வீதம் மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பொருளாதாரத்தைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது வீதம். அதைப் புரிந்துகொள்ள எளிய வழி: 70ஐ வளர்ச்சி வீதத்தால் வகுத்தால் எத்தனை ஆண்டில் இரட்டிக்கும் என்று தெரியும். 1 சதவீதம் என்றால் 70 ஆண்டு, 3.5 சதவீதம் என்றால் 20 ஆண்டு. மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரில் 1960இல் சுமார் 34 லட்சம் பேர் இருந்தார்கள். இப்போது இரண்டரைக் கோடிக்கு மேல். ஒருவர் ஆயுளுக்குள்ளேயே ஏழு மடங்கு. எந்த அரசாக இருந்தாலும் சாலை, பள்ளி, குடிநீர், மருத்துவமனை எல்லாவற்றையும் அதே காலத்தில் ஏழு மடங்காக்கினால்தான் தலைக்குப் பழைய அளவாவது மிஞ்சும்.

வேகமாகப் பெருகும்போது சரியாக எந்த இடத்தில் இடிக்கிறது?

முதலீட்டில். ஒரு நாட்டின் மூலதனம் (இயந்திரம், கட்டடம், சாலை, மின்நிலையம் எல்லாம் சேர்த்து) அதன் ஓராண்டு வருமானத்தைப் போல மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்வோம். மக்கள்தொகை 3 சதவீதம் கூடினால், தலைக்கு உள்ள மூலதனம் குறையாமல் இருக்கவே மூலதனமும் 3 சதவீதம் கூட வேண்டும். அதற்கு ஆகும் செலவு தேசிய வருமானத்தில் 9 சதவீதம். தேய்மானம் போக அந்த நாடு 12 சதவீதம் சேமிக்கிறது என்றால், ஒவ்வொருவர் கையிலும் உள்ள கருவியை மேம்படுத்த மிஞ்சுவது 3 சதவீதம். அதே நாட்டில் மக்கள்தொகை 1 சதவீதம் மட்டும் கூடினால் மிஞ்சுவது 9. சேமிப்பு மாறவில்லை, உழைப்பு மாறவில்லை, மேம்பாட்டுக்கான பணம் மட்டும் மூன்று மடங்கு.

இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. அது போதாது. சேமிப்பு 12இலிருந்து 25 ஆனால் 3 சதவீத வளர்ச்சியையும் சமாளிக்கலாம். சேமித்த பணம் பயன்படாத திட்டங்களில் வீணானால் 1 சதவீத வளர்ச்சியும் காப்பாற்றாது. மக்கள்தொகை வீதம் இதில் ஒரு உறுப்பு மட்டுமே.

பள்ளிக்கூடத்தை வைத்து ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?

தொடக்கப்பள்ளி வயதில் 10 லட்சம் குழந்தைகள், வகுப்புக்கு 40 பேர், ஆக 25,000 ஆசிரியர்கள் உள்ள ஒரு கற்பனை நாடு. குழந்தைகள் எண்ணிக்கை ஆண்டுக்கு 3 சதவீதம் கூடினால் 30,000 பேர் புதிதாக வருவார்கள். அவர்களுக்கு 750 ஆசிரியர், 750 அறை. ஓர் ஆசிரியர் 30 ஆண்டு வேலை பார்ப்பார் என்றால் ஓய்வு பெறுவோர் ஆண்டுக்குச் சுமார் 830. ஆக, நின்ற இடத்திலேயே நிற்க முதல் ஆண்டில் ஏறத்தாழ 1,580 புதிய ஆசிரியர்கள் வேண்டும். அடுத்தடுத்த ஆண்டுகளில் இன்னும் கூடும்.

பயிற்சிக் கல்லூரிகளிலிருந்து ஆண்டுக்கு 1,200 பேர்தான் வெளிவருகிறார்கள் என்று வையுங்கள். பத்து ஆண்டு கழித்துக் குழந்தைகள் 13.4 லட்சம், ஆசிரியர்கள் 29,000க்குச் சற்றுக் குறைவு. வகுப்புக்கு 47 பேர். யாரும் பணத்தைத் திருடவில்லை, பட்ஜெட் குறையவில்லை, ஆண்டுதோறும் புதுப் பள்ளிகள் திறக்கப்படுகின்றன. தரம் மட்டும் சரிகிறது. நடைமுறையில் முதலில் தட்டுப்படுவது ஆசிரியர்தான். கட்டடத்தை ஓராண்டில் எழுப்பிவிடலாம். ஆசிரியராக வர வேண்டியவர் பன்னிரண்டு ஆண்டு முன்பே பள்ளியில் ஒழுங்காகப் படித்திருக்க வேண்டும்.

உணவு போதாமல் போய்விடும் என்று மால்தஸ் சொன்னது நடந்ததா?

1798இல் ஆங்கிலப் பொருளியலாளர் தாமஸ் மால்தஸ் வைத்த வாதம்: மக்கள்தொகை பெருக்கல் வரிசையில் (1, 2, 4, 8) ஏறும், உணவு கூட்டல் வரிசையில்தான் (1, 2, 3, 4) ஏறும், ஆகவே பஞ்சமும் நோயும்தான் சமன் செய்யும். அன்று உலகில் 100 கோடிப் பேர்கூட இல்லை. 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டோம். 1961இல் உலகத் தானிய உற்பத்தி 90 கோடி டன்னுக்குச் சற்றுக் குறைவு. இப்போது சுமார் 300 கோடி டன். அதே காலத்தில் மக்கள் மூன்று மடங்கு ஆகவில்லை. தலைக்குக் கிடைக்கும் தானியம் கூடியிருக்கிறது. குட்டை ரக விதை, ரசாயன உரம், பாசனம் மூன்றும் சேர்ந்து செய்த வேலை இது. நிலத்தடி நீரும் மண்ணும் அதற்கு விலை கொடுத்தன என்பதும் உண்மை.

பசிக்கும் தானியக் கையிருப்புக்கும் உள்ள உறவு நாம் நினைப்பது போல நேரானது அல்ல. 1943 வங்கப் பஞ்சத்தில் இருபது லட்சத்துக்கு மேல் மாண்டார்கள். அந்த ஆண்டு வங்கத்தில் கிடைத்த உணவு, பஞ்சமே வராத 1941ஐவிடக் குறைவாக இல்லை என்று பொருளியலாளர் அமர்த்தியா சென் காட்டினார். போர்க்காலப் பணவீக்கத்தில் அரிசி விலை ஏறியது. நிலமில்லாத கூலியாட்கள், மீனவர்கள், கைவினைஞர்களின் வருமானம் அதோடு ஏறவில்லை. ஊரில் அரிசி இருந்தது, வாங்க அவர்களிடம் காசு இல்லை. இதை "மக்கள் அதிகம், அதனால் பஞ்சம்" என்று எழுதிவிட்டுப் போவது இறந்தவர்களுக்குச் செய்யும் அநீதி.

நிலம் நீளாதே. ஆட்கள் கூடினால் மண் கெட்டுத்தானே போகும்?

பல இடங்களில் கெட்டிருக்கிறது. ஆனால் அது கட்டாயம் இல்லை என்பதற்குக் கென்யாவின் மச்சாக்கோஸ் மாவட்டம் நன்றாக ஆராயப்பட்ட சான்று. 1930களில் காலனி அதிகாரிகள் அந்த மலைச்சரிவுகள் அரிப்பில் அழிந்துவிட்டதாக எழுதிவைத்தார்கள். 1990க்குள் மக்கள்தொகை ஐந்து மடங்குக்கு மேல் ஆனது. மண்ணரிப்பு குறைந்தது, மரங்கள் கூடின, தலைக்கு விளைச்சலும் கூடியது.

எப்படி? சரிவுக்குக் குறுக்கே, சம உயரக் கோட்டில், இரண்டடி அகலம் இரண்டடி ஆழத்தில் கால்வாய் வெட்டி, வெட்டிய மண்ணை மேல்பக்கமாக வீசி வரப்பாக்குவார்கள். வரப்பில் புல் நடுவார்கள். மழையில் இறங்கும் மண் வரப்பில் தங்கித் தங்கி, சில ஆண்டுகளில் சரிவு தானாகவே படிக்கட்டு வயலாகிவிடும். மண்ணைக் கீழே வீசுவதைவிட மேலே வீச அதிக உழைப்பு வேண்டும். ஆட்கள் இருந்ததால்தான் அது முடிந்தது. டென்மார்க் பொருளியலாளர் எஸ்தர் போசரப் 1965இல் வைத்த கருத்துக்கு இது பொருந்துகிறது: நெருக்கம் கூடும்போது உழவர்கள் சும்மா இருப்பதில்லை, உழவு முறையை மாற்றுகிறார்கள்.

இதையே எல்லா இடத்துக்கும் விதியாக்கக் கூடாது. மச்சாக்கோஸுக்கு அருகிலேயே நைரோபிச் சந்தை இருந்தது. சாலை இருந்தது, காபி பயிரிட அனுமதி கிடைத்தது, நகரத்தில் வேலை பார்த்தவர்கள் பணம் அனுப்பினார்கள், நிலத்தின்மேல் உரிமை உறுதியாக இருந்தது. அங்கேயும் வெளியூர்ச் சம்பளம் இல்லாத குடும்பங்கள் பின்தங்கின. சந்தையும் உரிமையும் இல்லாத இடத்தில், இரண்டு ஹெக்டேர் நான்கு பிள்ளைகளுக்கு அரை அரை ஹெக்டேராகப் பிரியும். அடுத்த தலைமுறையில் தரிசு விட இடமே இருக்காது, மண் சத்திழந்துபோகும்.

நாடுகளை வரிசையாக வைத்து ஒப்பிட்டால் என்ன தெரிகிறது?

குழப்பமாகத் தெரிகிறது, அதற்குக் காரணமும் உண்டு. 1960களில் பொருளியலாளர் சைமன் குஸ்நெட்ஸ் ஒப்பிட்டபோது, மக்கள்தொகை வளர்ச்சிக்கும் தலைவீத வருமான வளர்ச்சிக்கும் குறிப்பிடத்தக்க எதிர்த் தொடர்பு (ஒன்று கூடும் இடத்தில் மற்றது குறைவது) கிடைக்கவில்லை. 1980களின் தரவில் எதிர்த் தொடர்பு தலைகாட்டியது. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 1986இல் நிதானமாக ஒரு முடிவுக்கு வந்தது: மெதுவான மக்கள்தொகை வளர்ச்சி பெரும்பாலான வளரும் நாடுகளுக்கு நன்மை தரும், ஆனால் அந்த நன்மை மிதமானது. இன்று வரை பெரும்பாலான ஆய்வாளர்கள் அதன் அருகில்தான் நிற்கிறார்கள் என்பது எங்கள் கணிப்பு.

குழப்பத்துக்குக் காரணம், மக்கள்தொகை இரண்டு விதமாகக் கூடுகிறது. பிறப்பு அதிகமானாலும் கூடும், இறப்பு குறைந்தாலும் கூடும். மலேரியா ஒழிந்து உழைக்கும் வயதினர் சாகாமல் இருந்தால் மக்கள்தொகையும் வளரும், வருமானமும் வளரும். பிறப்பு மட்டும் அதிகமாக இருந்தால் முதல் பதினைந்து, இருபது ஆண்டுக்குச் செலவுதான். இரண்டையும் ஒரே எண்ணில் போட்டால் ஒன்றை ஒன்று அடித்துவிடும்.

விதிவிலக்குகளையும் கணக்கில் எடுங்கள். போட்ஸ்வானா 1966இல் விடுதலை பெற்றபோது மிக ஏழை நாடு. அதன்பின் பல ஆண்டுகள் மக்கள்தொகை 3 சதவீத அளவில் பெருகியது. தலைவீத வருமானமோ உலகிலேயே வேகமாக வளர்ந்தவற்றில் ஒன்று. வைரம் கிடைத்தது காரணம். அந்தப் பணத்தைச் சூறையாட விடாத ஆட்சியும் காரணம். வைரம் கிடைத்தும் சீரழிந்த நாடுகள் உண்டு. மால்டோவாவில் 1990களிலிருந்து மக்கள்தொகை குறைந்துகொண்டே வருகிறது. ஐரோப்பாவின் ஏழை நாடுகளில் அது இன்னும் இருக்கிறது.

ஏழைகள் ஏன் அதிகக் குழந்தைகள் பெறுகிறார்கள்? அறியாமையா?

அறியாமை என்று சொல்வது சுலபம், பெரும்பாலும் தவறு. ஓய்வூதியமும் சேமிப்பும் இல்லாத சமூகத்தில், முதுமையில் சோறு போடப்போவது மகன் என்றால், குறைந்தது ஒரு மகனாவது வளர்ந்து ஆளாக வேண்டும். பிறக்கும் மூன்று குழந்தைகளில் ஒன்று ஆளாகும் முன் இறந்துவிடும் இடத்தில், 95 சதவீத நிச்சயம் வேண்டுமானால் மூன்று மகன்கள் வேண்டும். மூன்று மகன்கள் என்றால் சராசரியாக ஆறு பிரசவம். நூற்றுக்கு 97 குழந்தைகள் பிழைக்கும் இடத்தில் ஒரு மகன் போதும், இரண்டு பிரசவம். யாரும் தாளில் இப்படிக் கணக்குப் போடுவதில்லை. சுற்றிலும் எத்தனை குழந்தைகள் பிழைக்கின்றன என்று பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். பார்த்து நம்பிக்கை வர ஒரு தலைமுறை ஆகும். இறப்பு குறைந்தும் பிறப்பு உடனே குறையாத அந்த இடைவெளியில்தான் மக்கள்தொகை பாய்ச்சலாக ஏறுகிறது.

இன்னொரு பக்கம், வேண்டாம் என்று நினைத்தும் தடுக்க வழியில்லாத பெண்கள். வளரும் நாடுகளில் கருத்தரிப்பைத் தள்ளிப்போடவோ நிறுத்தவோ விரும்பியும் நவீனக் கருத்தடை முறை எதையும் பயன்படுத்தாத பெண்கள் 20 கோடிக்கு மேல். இவர்களுக்கு விழிப்புணர்வு முகாம் தேவையில்லை. அருகில் ஒரு செவிலியரும், தீராத மருந்து இருப்பும், மாமியாரும் கணவரும் தடுக்காத சூழலும் தேவை.

குடும்ப அளவில் பார்த்தால், குழந்தைகள் குறைந்தால் குடும்பம் முன்னேறுமா?

ஓரளவுக்கு. நான்கு குழந்தைகள் உள்ள வீட்டைவிட இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டில் படிப்பு அதிகம் என்பது எங்கும் தெரியும். ஆனால் குறைவாகப் பெற்றுக்கொள்ளும் பெற்றோர் ஏற்கெனவே படித்தவர்களாக இருப்பார்கள். பலன் படிப்பாலா, குழந்தை குறைந்ததாலா என்று பிரிக்க முடியாது. அதனால் ஆய்வாளர்கள் இரட்டைப் பிரசவங்களை எடுத்துக்கொண்டார்கள். இரட்டைப் பிரசவம் என்றால், பெற்றோர் திட்டமிடாமலே ஒரு கூடுதல் குழந்தை வந்துவிடுகிறது. நார்வேயிலும் இஸ்ரேலிலும் இப்படிப் பார்த்தபோது மூத்த குழந்தைகளின் படிப்பில் பாதிப்பு ஏறக்குறைய இல்லை. அரசுப் பள்ளியும் மருத்துவமும் தரமாகக் கிடைக்கும் நாடுகள் அவை. செலவு முழுதும் பெற்றோர் தலையில் விழும் இடத்துக்கு அதே முடிவைத் தூக்கிக்கொண்டுபோகக் கூடாது.

அதற்கு வங்கதேசத்தின் மத்லப் பகுதி உதவுகிறது. 1977இல் அங்கே ஏறத்தாழ பாதிக் கிராமங்களில் பெண் பணியாளர்கள் இரு வாரத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் மாத்திரை, ஊசி, ஆணுறை கொடுத்து, பக்கவிளைவு இருந்தால் கேட்டுப் பார்த்துக்கொண்டார்கள். மீதிக் கிராமங்களில் வழக்கமான அரசுச் சேவை மட்டும். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது முதல் பகுதியில் குழந்தைப்பேறு சுமார் 15 சதவீதம் குறைவு, பெண்களின் உடல்நிலை மேல், குழந்தை இறப்பு குறைவு, வீட்டுச் சொத்தும் கூடியிருந்தது. பெரிய அற்புதம் இல்லை. நம்பகமான, அளந்து பார்த்த முன்னேற்றம்.

"மக்கள்தொகை ஆதாயம்" என்றால் என்ன?

பிறப்பு குறைந்தபின், உழைக்கும் வயதினர் அதிகமாகவும் அவர்களை நம்பி இருப்போர் குறைவாகவும் இருக்கும் முப்பது, நாற்பது ஆண்டுக் காலம். ஒரு நாட்டில் 15 வயதுக்குக் கீழே 45 சதவீதம், 65க்கு மேல் 3 சதவீதம் என்றால் உழைக்கும் வயதில் 52 பேர். உழைக்கும் வயதினர் நூறு பேரை நம்பி 92 பேர் இருக்கிறார்கள். பிறப்பு குறைந்து அது 25, 7, 68 என்று மாறினால், நூறு பேருக்கு 47 பேர். ஒவ்வொரு தொழிலாளியின் உற்பத்தியும் அப்படியே இருந்தாலும், எல்லாருக்கும் வேலை இருந்தால், தலைவீத வருமானம் சுமார் 31 சதவீதம் உயரும் (68ஐ 52ஆல் வகுத்துப் பாருங்கள்). கிழக்காசியா 1965 முதல் 1990 வரை கண்ட வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்கு அளவு இதனால் வந்தது என்று பொருளியலாளர்கள் ப்ளூம், வில்லியம்சன் ஆகியோர் கணக்கிட்டார்கள்.

"எல்லாருக்கும் வேலை இருந்தால்" என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஈரானைப் பாருங்கள். 1980களின் நடுவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறுக்கு மேல் குழந்தைகள்; 2000 வாக்கில் இரண்டு. கட்டாயப்படுத்தாமல் நடந்த மிக வேகமான இறக்கங்களில் ஒன்று. சுமார் 1,500 பேருக்கு ஒரு கிராம சுகாதார நிலையம், அதே ஊரில் பிறந்து பயிற்சி பெற்ற பணியாளர்கள், தடுப்பூசியும் கருத்தடையும் ஒரே கூரையின் கீழ் என்பதே அதன் அமைப்பு. பெண்கள் பல்கலைக்கழகங்களை நிறைத்தார்கள். ஆனால் படித்த இளைஞர்களுக்கு வேலை இல்லை, பொருளாதாரத் தடைகள் வேறு. கிழக்காசியா போன்ற பாய்ச்சல் வரவில்லை. வயது அமைப்பு வாய்ப்பைத்தான் தரும். அந்தக் காலம் முடிந்ததும் முதியோர் பங்கு ஏறத் தொடங்கும், தவறவிட்டது திரும்பாது.

சீனா ஒரு குழந்தைக் கொள்கையால்தானே முன்னேறியது?

தேதிகளைப் பாருங்கள். சீனாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1970இல் சுமார் 5.8, 1979இல் மூன்றுக்கும் கீழே. ஒரு குழந்தைக் கொள்கை வந்தது அதற்குப் பிறகுதான். பெரிய இறக்கம் தாமதத் திருமணம், இடைவெளி, கருத்தடைச் சேவை, பெண் கல்வி, குழந்தை இறப்புக் குறைவு ஆகியவற்றோடு முன்பே நடந்துவிட்டது. அந்தக் காலத்திலும் நிர்பந்தம் இல்லாமல் இல்லை, ஆனால் பின்னால் வந்தது அதைவிடக் கொடியது. கட்டாயக் கருக்கலைப்பும், பெண் சிசுக்கள் கருவிலேயே நீக்கப்பட்டதும் அதன் விளைவுகள். ஒருகட்டத்தில் நூறு பெண் குழந்தைகளுக்கு 118 ஆண் குழந்தைகளுக்கு மேல் பிறந்தார்கள். 2016இல் இரண்டு, 2021இல் மூன்று என்று தளர்த்தியும் பிறப்பு நிலையாக ஏறவில்லை. 2022 முதல் மக்கள்தொகை குறைகிறது.

இந்தியாவில் நெருக்கடி நிலையின்போது 1976-77இல் மட்டும் 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை அறுவைகள் நடந்தன, பெரும்பாலும் ஆண்களுக்கு. அதிகாரிகளுக்கு இலக்கு, இலக்கை எட்டாதவர்களுக்குத் தண்டனை, அகப்பட்டவர்கள் ஏழைகள். 1977 தேர்தலில் ஆட்சி போனது. ஆண்களுக்கான அறுவை அதன்பின் எழவே இல்லை: 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் பெண் கருத்தடை அறுவை 37.9 சதவீதம், ஆண் 0.3 சதவீதம். கட்டாயம் மனித உரிமையை மீறியதோடு, எளிய பாதுகாப்பான ஒரு முறையின்மேல் இருந்த நம்பிக்கையையும் தலைமுறைகளுக்குக் கெடுத்துவிட்டது.

குழந்தைகள் இரண்டாகக் குறைந்த பிறகும் மக்கள்தொகை ஏன் கூடுகிறது?

முன்பு அதிகமாகப் பிறந்தவர்கள் இப்போது பெற்றோர் வயதில் இருக்கிறார்கள். ஆளுக்கு இரண்டே பெற்றாலும் பெறுகிறவர்கள் அதிகம். இந்தியாவில் சராசரி 2.0க்கு வந்துவிட்டது, ஆனாலும் 2060கள் வரை மக்கள்தொகை கூடும் என்பது ஐ.நா. மதிப்பீடு. இந்தக் கூடுதலைப் புதுச் சட்டம் போட்டு நிறுத்த முடியாது.

முதலில் வருமானம் உயர்ந்தால் பிறப்பு தானாகக் குறையாதா?

1974இல் புகாரெஸ்டில் நடந்த ஐ.நா. உலக மக்கள்தொகை மாநாட்டில் இந்தியக் குழுவின் தலைவர் கரண் சிங் "வளர்ச்சியே சிறந்த கருத்தடை" என்றார். அதில் உண்மை உண்டு. ஆனால் வருமானம் உயரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வங்கதேசத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1970களில் ஆறுக்கு மேல்; 2011இல் 2.3. அந்த நாடு அப்போதும் ஏழை. எத்தியோப்பியாவில் 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டுப்புறத்தில் 6.4, தலைநகர் அடிஸ் அபாபாவில் 1.9. தலைநகரவாசிகள் செல்வந்தர்கள் அல்ல. வீடு கிடைக்கவில்லை, வேலை இல்லை, திருமணம் தள்ளிப்போனது, கருத்தடை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பிறப்பு குறைந்தால் செழிப்பு வந்துவிட்டதென்று பொருள் கொள்ளவே கூடாது என்பதற்கும் இதே ஊர் சான்று.

நடைமுறையில் எது வேலை செய்கிறது, எங்கே கெடுகிறது?

குழந்தை இறப்பைக் குறைப்பது முதல் வேலை: தடுப்பூசி, வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும், மலேரியா உள்ள இடத்தில் மருந்திட்ட கொசுவலை. பெண் குழந்தைகளைத் தொடக்கப்பள்ளியோடு நிறுத்தாமல் மேல்நிலை வரை படிக்க வைப்பது அடுத்தது; அந்த ஆறு ஏழு ஆண்டுதான் திருமண வயதைத் தள்ளுகிறது.

கருத்தடைச் சேவையில் கெடுவது பெரும்பாலும் விநியோகத்தில். மூன்று மாத ஊசியை நம்பி வந்தவருக்கு நான்காவது மாதம் மருந்து இல்லை என்றால் கர்ப்பம்தான். தொலைவான ஊர்களில் கைத்தோலுக்கு அடியில் பொருத்தி 3 முதல் 5 ஆண்டு தாங்கும் கருத்தடைச் செருகல், 10 ஆண்டு தாங்கும் காப்பர்-டி போன்றவை அதனால் மேலானவை, ஆனால் வேண்டாம் என்றதும் எடுத்துவிட ஆள் இருக்க வேண்டும். எடுக்க ஆள் இல்லாத இடத்தில் பொருத்துவது வேறொரு வகைக் கட்டாயம். பாதியில் நிறுத்துவோர் சொல்லும் முக்கியக் காரணம் பக்கவிளைவு. மாதவிலக்கு ஒழுங்கு மாறும் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தால் பயம் குறைகிறது. வேறு முறைக்கு மாற்றிக் கொடுத்தால் தொடர்கிறார்கள். ஒரே முறையை மட்டும் வைத்துக்கொண்டு இலக்கு நிர்ணயிக்கும் திட்டம் எண்ணிக்கையைக் காட்டும், நிலைக்காது. பிரசவத்துக்குப் பின் குறைந்தது 24 மாதம் கழித்து அடுத்த கருத்தரிப்பு என்ற உலக சுகாதார நிறுவனப் பரிந்துரையைப் பின்பற்றினாலே, மொத்தக் குழந்தைகள் குறையாவிட்டாலும், தாயும் சேயும் பிழைக்கும் வாய்ப்பு கூடும்.

ஏழை நாடுகளின் மக்கள்தொகையால்தானே புவி வெப்பமாகிறது?

ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சராசரியாக 14 டன் அளவில் கரியமில வாயு வெளியிடுகிறார்; ஒரு நைஜர் நாட்டவர் 0.1 டன் அளவில். இன்றைய வெப்பத்துக்கு அவர்கள் பொறுப்பல்ல.

ஒரு நாட்டைப் பற்றி "மக்கள் அதிகம், அதனால்தான் ஏழை" என்று யாராவது சொன்னால் எப்படிச் சரிபார்ப்பது?

மொத்த எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டு ஆண்டு வளர்ச்சி வீதத்தை எடுங்கள். 1.5க்குக் கீழே என்றால் வறுமைக்கு வேறு காரணத்தைத் தேடுவது நல்லது. 2.5க்கு மேல் என்றால், அதோடு நாட்டின் நிகரச் சேமிப்பையும் வைத்து மேலே போட்ட மூலதனக் கணக்கைப் போடுங்கள். எவ்வளவு விழுங்கப்படுகிறது என்று தெரியும். அடுத்து, வளர்ச்சி பிறப்பால் வருகிறதா, இறப்புக் குறைவால் வருகிறதா, குடியேற்றத்தால் வருகிறதா என்று பிரியுங்கள். வளைகுடா நாடுகளில் வேகமான பெருக்கத்துக்குக் காரணம் வேலைக்கு வந்தவர்கள். அதையும் நைஜரையும் ஒரே பட்டியலில் வைக்கக் கூடாது.

பிறகு கால வரிசை. வறுமை மோசமானது பிறப்பு ஏறியபின்பா, போருக்கோ விலைச்சரிவுக்கோ பின்பா? ஒரே மாதிரி பிறப்பு வீதம் உள்ள பக்கத்து நாடு எப்படி இருக்கிறது? கடைசியாக, அந்த நாட்டுக்குள் நிலமும் பள்ளியும் மருத்துவமும் யாருக்குக் கிடைக்கின்றன என்று பாருங்கள். மேல்தட்டுக் குடும்பங்கள் செழிப்பாகவும் அடித்தட்டுக் குடும்பங்கள் பட்டினியாகவும் இருந்தால், சராசரிக் குழந்தை எண்ணிக்கையை மட்டும் வைத்து அந்த வித்தியாசத்தை விளக்க முடியாது.